3×3 ஸ்டால், மூன்று நாள் கொழும்பு கண்காட்சி: மலையகத் தேயிலைக்கு எப்படி ஒழுங்கு செய்வது?

#1 ஹட்டன்_பக்கெட்

வணக்கம். கொழும்பில் உணவு, பான வர்த்தகக் கண்காட்சி ஒன்றில் ஸ்டால் எடுத்திருக்கிறோம். மூன்று நாள், காலை 10 முதல் மாலை 6 வரை. முதல் ரெண்டு நாள் வியாபாரிகளுக்கு, கடைசி நாள் பொதுமக்களுக்கு. 3×3 மீற்றர் மூலை ஸ்டால். முன்பக்கமும் இடப்பக்கமும் திறந்தது. பின்னுக்கும் வலப்பக்கமும் சுவர்.

ஏற்பாட்டாளர் தருவது: அலுமினியச் சட்டத்தில் பூட்டின சுவர், நெற்றிப் பலகையில் பெயர், மேசை 1, கதிரை 2, ஸ்பொட் லைட் 2, பிளக் 1.

கொண்டுபோவது: பி.ஓ.பி.எஃப். 200 கிராம், பி.ஓ.பி. 100 கிராம், ஓ.பி. டின் (மூன்றும் கறுப்புத் தேயிலையின் இலைத் தரங்கள்), பச்சைத் தேயிலை, இஞ்சித் தேயிலை.

எங்க யோசனை: பின் சுவர் முழுக்கத் தேயிலை மலைப் படம், முன்னுக்கு மேசை, அதில் அஞ்சு வகையும், பக்கத்துக்கு ஒன்றாக ரோல்-அப் பேனர் ரெண்டு, கொழுந்து பறிக்கிற பெண் கட்-அவுட் ஒன்று. வாறவங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கணும். பேனருக்கு அச்சகத்தில் விலை கேட்டாச்சு. பிழை இருந்தா இப்பவே சொல்லுங்க.

#2 கண்டி_ஸ்டால்வேலை

பேனர் விலையை ஒரு கிழமைக்கு ஓரமா வைங்க தம்பி. தேத்தண்ணி கொடுக்கப் போறீங்கன்னா முதல் முடிவு கெட்டில் எங்கே என்பதுதான். கெட்டில் இருக்கிற இடத்துக்கு பிளக், பிளக் இருக்கிற மூலைக்கு ஆள், ஆள் நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வாடிக்கையாளர், வாடிக்கையாளர் கண் போகிற சுவரில் எழுத்து. இந்த வரிசையில் போனால் படம் தானா வந்துடும். சுவரில் தொடங்கினால் கடைசியில் கெட்டிலை நடைபாதையில் வைக்க வேண்டி வரும்.

முன்னுக்கு மேசை போடாதீங்க. 3 மீற்றர் வாயில் 1 மீற்றர் மேசை நின்றாலே ஆட்கள் அதுக்கு அங்கால நின்று எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவாங்க, உள்ளே கால் வைக்க மாட்டாங்க. மூலை ஸ்டாலுக்குக் கூடுதல் காசு கொடுத்து எடுத்துட்டு அந்த வாயை நீங்களே அடைக்கிற மாதிரி.

வலது சுவருக்குச் சமாந்தரமா மேசையை வைங்க. சுவருக்கும் மேசைக்கும் நடுவில் 70 செ.மீ, அது உங்க ஆள் நிற்க. மேசை அகலம் 50 செ.மீ. மிச்சம் 1.8 மீற்றர் அகலத்துக்கு தரை வெறுமையா இருக்கும். அதில் நாலு பேர் நெரிசல் இல்லாமல் நிற்கலாம். மேசையின் முன்முனை நடைபாதையிலிருந்து 50 செ.மீ உள்ளே இருக்கட்டும். அந்த அரை மீற்றர் இல்லாவிட்டால் ருசி பார்க்கிறவர் நடைபாதையில் நிற்பார், பக்கத்து ஸ்டால்காரர் முறைப்பாடு செய்வார், செய்தால் நியாயம்தான்.

பின் சுவரில் 30 செ.மீ ஆழத் தட்டு. சரக்கு வைக்கிற உயரம் தரையிலிருந்து 90 முதல் 150 செ.மீ வரை. 60க்குக் கீழே வைத்தது விற்பனைக்கு இல்லை, களஞ்சியம். அங்கே துணி தொங்கவிட்டு மறைத்து மிச்சப் பெட்டிகளை அடுக்குங்க.

அவங்க தரும் மேசை பெரும்பாலும் 75 செ.மீ உயரம், உட்கார்ந்து எழுதுகிற உயரம். நின்று கப் எடுக்க 95 முதல் 105 வேணும். உயர மேசை வேணும் என்று படிவத்திலேயே கேளுங்க. கிடைக்காவிட்டால் அதுக்கு மேலே 25 செ.மீ பலகைப் பெட்டி வைத்து ஃபிளாஸ்கும் கப்பும் மட்டும் அதில். கெட்டில் ஒருபோதும் பெட்டிமேல் வேண்டாம். அது பின் வலது மூலையில், ஆடாத தனி ஸ்டாண்டில்.

ரெண்டு ரோல்-அப் பேனரும் தேவையில்லை. ஒவ்வொன்றும் 85 செ.மீ அகலம். ரெண்டும் நின்றால் திறந்த பக்கத்தில் 1.7 மீற்றரை நீங்களே மூடிட்டீங்க. ஒன்று போதும், அதுவும் பின் இடது மூலையில்.

#3 தலவாக்கலை_வயரிங்

பிளக் 1 என்று எழுதியிருக்கீங்க. எத்தனை அம்பியர் என்று எழுதல்ல. அதைத்தான் முதலில் கேட்கணும்.

நம்ம நாட்டில் 230 வோல்ட். 13 அம்பியர் பிளக் என்றால் 230×13, கிட்டத்தட்ட 2990 வொட். 5 அம்பியர் என்றால் 1150 வொட். வீட்டுக் கெட்டில் பெரும்பாலும் 1500 முதல் 2200 வொட். 5 அம்பியர் பிளக்கில் அதைப் போட்டால் பிரேக்கர் விழும், உங்களோட சேர்த்துப் பக்கத்து நாலு ஸ்டாலும் இருட்டு. சில மண்டபங்களில் வாடகையோட வரும் பிளக்குக்கு 500 வொட் மட்டும்தான் அனுமதி. போன் சார்ஜருக்கும் சின்ன லைட்டுக்கும்தான் அது. கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும்.

கணக்கு இப்படி. 1.5 லீற்றர் தண்ணி, 25 பாகையிலிருந்து 100க்கு:
2000 வொட் கெட்டில்: 4 நிமிடம்.
1000 வொட் கெட்டில்: 8 நிமிடம்.
10 லீற்றர் கொதிகலன், 1500 வொட்: 35 நிமிடம், ஆனா ஒருதரம் கொதித்தால் சூடு நிற்கும்.
வீணாகும் சூட்டுக்கு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டிக்கோங்க.

2000 வொட் கெட்டில் ஒன்று, 13 அம்பியர் பிளக் தனியாக ஒன்று. லைட்டுக்கு வேறு பிளக். ரெண்டு கெட்டிலை மல்டி பிளக்கில் சேர்த்தால் 4000 வொட், நிச்சயம் விழும். சுருட்டின நீட்டு வயரில் கெட்டில் போடுறதா இருந்தால் முழுக்க விரிச்சிடுங்க. சுருளா இருந்தால் சூடேறி உறை உருகும். வயர் தரையில் குறுக்கே போகாமல் சுவர் அடியால் கொண்டுபோய், போட்ட இடத்தை டேப்பால் ஒட்டணும்.

கூடுதல் பிளக்குக்குத் தனிக் கட்டணம் இருக்கும். முன்கூட்டி எழுதினால் ஒரு விலை, ஸ்டால் அமைக்கிற அன்று கேட்டால் இன்னொரு விலை, அதுவும் கிடைத்தால்தான். எந்த மூலையில் வேணும் என்று படத்தில் குறித்துக் கொடுங்க. குறிக்காவிட்டால் அவங்களுக்குச் சுகமான மூலையில் போட்டுட்டுப் போயிடுவாங்க.

இன்னொன்று. இரவில் மண்டபத்துக் கரண்டை வெட்டுவாங்க. உங்களுக்குத் தேயிலை, கவலையில்லை. யோகட், ஸ்ட்ரோபெரி வைக்கிறவங்க 24 மணி நேர இணைப்பைத் தனியா எழுதி வாங்கணும்.

#4 பண்டாரவளை_அச்சகம்

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. என் பக்கத்தைச் சொல்றேன்.

அளவு: சட்டச் சுவரில் ஒரு பலகை 1 மீற்றர் அகலம் என்று சொல்வாங்க. தூணுக்குத் தூண் நடுவில் கண்ணுக்குத் தெரிவது 95 செ.மீ அளவுதான். உயரம் 2.5 மீற்றர் என்றால் தெரிவது 2.35 அளவு. கம்பனிக்குக் கம்பனி ஒன்றிரண்டு செ.மீ மாறும். ஏற்பாட்டாளரிடம் அளவுப்படம் வாங்காமல் அச்சுக்குக் கொடுக்காதீங்க. மூன்று பலகையிலும் தனித்தனியா ஒட்டினால் எழுத்தின் நடுவில் தூண் வரக்கூடாது. "தேயி" ஒரு பக்கம், "லை" மறுபக்கம் என்று நிற்கும் ஸ்டால்கள் எத்தனையோ.

ஆணி அடிக்கக்கூடாது, துளை போடக்கூடாது, சேதத்துக்குக் காசு பிடிப்பாங்க. மேல் சட்டத்தில் எஸ்-கொக்கி, பக்கங்களில் டபுள் டேப். டேப்பைக் கடைசியில் நீங்களே உரிச்சுக் கொடுக்கணும்.

ஃப்ளெக்ஸ் என்றால் மடிக்கக்கூடாது. மடிப்புக் கோடு ஸ்பொட் லைட்டில் கத்தி வெட்டின மாதிரித் தெரியும். சுருட்டி, 4 அங்குல பி.வி.சி. குழாய்க்குள். பஸ்ஸில் போறவங்க துணியில் அச்சடிங்க. மடிச்சுப் பையில் வைக்கலாம், அங்கே போய் உள்பக்கமா அயர்ன் போட்டால் சரி. பளபளப்பு லெமினேஷன் வேண்டாம், மட் போதும். பளபளப்பில் விளக்கு மட்டும்தான் தெரியும்.

படம்: முழு அளவில் 100 முதல் 150 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது). வாட்ஸ்அப்பில் அனுப்பின படம் சுருங்கிப் போனது, அதை 3 மீற்றருக்கு இழுத்தால் தேயிலைச் செடி பச்சைச் சாந்து மாதிரி வரும். மூலப் படத்தை மின்னஞ்சலில் அல்லது பென் டிரைவில் கொடுங்க.

இப்ப முக்கியமானது, தமிழ் எழுத்து. நீங்க போனில் தட்டுவது யூனிகோட். பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு. யூனிகோட் வரியை அப்படியே பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். "கொழுந்து" என்பது "ெகாழுந்து" ஆகும். புள்ளி தனியா நிற்கும், "ஸ்ரீ" உடையும். டிசைன் பண்ற பிள்ளைக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது பிழை என்றே தெரியாது, அப்படியே 3 மீற்றரில் அச்சாகும். செய்ய வேண்டியது: எழுத்தை வரைகோடா மாற்றின பி.டி.எஃப். ஒன்று, அதே பக்கத்தின் படம் ஒன்று, ரெண்டையும் சேர்த்து அனுப்பி, அச்சுக்கு முன் மாதிரிப்படம் கேட்டு வாங்குங்க. மாதிரிப்படத்தில் கொ, கோ, கை, லை, ணை, னை, ஹ, ஸ் இருக்கிற சொற்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பாருங்க. மற்றது தானா சரியா இருக்கும்.

எழுத்தின் உயரம்: 3 மீற்றர் தூரத்துக்கு 2.5 செ.மீ என்பது வாசிக்கிற அளவு. தமிழில் அதை "ப" எழுத்தின் உயரமா எடுங்க. "கி", "கூ" மாதிரி மேலும் கீழும் போகிற எழுத்தோட சேர்த்து அளந்தால் உடம்பு சின்னதாப் போயிடும். தலைப்பு வரிக்கு "ப" 12 செ.மீ, அடுத்ததுக்கு 5. சுவரில் 2.5க்குக் குறைஞ்ச எழுத்தே வேண்டாம். 1 மீற்றருக்குக் கீழேயும் எழுதாதீங்க, ஆட்களின் முதுகு மறைக்கும்.

#5 ஹட்டன்_பக்கெட்

நன்றி. தலைப்பில் என்ன எழுதுவது? "தரமான தூய இலங்கைத் தேயிலை" என்று போட்டிருக்கிறோம்.

#6 கொழுந்துக்கூடை

மண்டபத்தில் தேயிலை ஸ்டால் பத்து இருந்தால் பத்திலும் அதுதான் எழுதியிருக்கும். தரமில்லாத தேயிலை என்று யாரும் போட மாட்டாங்களே. உங்களுடையது எந்த மலை, எத்தனை மீற்றர், எந்தத் தரம், எத்தனை கிலோவிலிருந்து கொடுப்பீங்க, இதை எழுதுங்க. கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கு மேல் என்றால் உயர்நிலத் தேயிலை. ஹட்டன் பக்கம் டிம்புளைத் தேயிலைப் பிரதேசம். "டிம்புளை உயர்நிலத் தேயிலை, 5 கிலோவிலிருந்து" என்று ஒரு வரி இருந்தால் ஹோட்டல்காரர் நிற்பார். நடந்துபோறவரை நிறுத்துவது அந்த "5 கிலோ" தான்.

மொழி: கொழும்பில் மூன்றும் வேணும், ஆனால் மூன்று மொழியிலும் எல்லாத்தையும் எழுதினால் சுவர் வர்த்தமானி அறிவித்தல் மாதிரி இருக்கும். பெயரும் அந்த ஒரு வரியும் மூன்று மொழியில். விவரம் கையில் கொடுக்கிற தாளில்.

அடுத்தது அந்தக் கட்-அவுட். எடுத்துடுங்க. தலையில் கூடை மாட்டிச் சிரிச்சுக்கிட்டு நிற்கிற பெண்ணை அட்டையில் வெட்டி வைப்பது, முகத்துக்கு ஓட்டை போட்டு வாறவங்க தலையை நீட்டிப் படம் எடுப்பது. நம்ம அம்மா, அக்காவோட வேலை அது. அதை வேடிக்கைப் பொருளா நாமளே கொண்டுபோய் நிறுத்த வேண்டிய அவசியம் என்ன?

#7 கண்டி_ஸ்டால்வேலை

அக்கா, கட்-அவுட் இருந்தால் கூட்டம் சேரும் என்பதும் உண்மைதான். பொதுமக்கள் நாளில் அது ஆள் இழுக்கும்.

#8 கொழுந்துக்கூடை

ஆள் இழுக்கும், வாங்குகிற ஆளை இழுக்காது. கணக்காவே பாருங்க: அட்டைக்கு அரை சதுர மீற்றர், முன்னுக்கு நிற்க ஒன்று, படம் எடுக்கிறவர் பின்னுக்குப் போக ஒன்று. 9 சதுர மீற்றரில் இரண்டரை போச்சு. நீங்க சொன்ன 1.8 மீற்றர் வெறுந்தரை அதோட முடிஞ்சுது. செல்ஃபி எடுக்கிறவர் நிற்கிற நேரம் முழுக்க அரைத் தொன் கேட்க வந்தவர் ஓரமா நிற்பார், பிறகு போயிடுவார்.

மலையைக் காட்டணும் என்றால் கொழுந்துக் கூடை ஒன்று, உண்மையானது, தட்டின் ஓரத்தில் வைங்க. பழைய பலகைத் தேயிலைப் பெட்டி கிடைத்தால் அதையே ஸ்டாண்டா வைக்கலாம். தொட்டியில் தேயிலைக் கன்று கொண்டுபோறவங்க ஏசிக் காற்று நேரா படாத இடமா பாருங்க, இல்லாவிட்டால் ரெண்டாம் நாள் இலை தொங்கும், வாடின செடி பக்கத்தில் தேயிலை விற்பது அழகில்லை. தென்னங்குருத்துத் தோரணமும் மூன்று நாளில் காய்ஞ்சிடும். ஸ்பொட் லைட்டுக்குக் கிட்டக் கட்டினால் தீப்பிடிக்கும் என்று பாதுகாப்புக்காரர் அவிழ்க்கச் சொல்வார்.

#9 கண்டி_ஸ்டால்வேலை

இரண்டரைச் சதுர மீற்றர் கணக்குக்குப் பதில் இல்லை. கட்-அவுட் வேண்டாம்.

#10 அக்கரப்பத்தனை_டீமேக்கர்

கெட்டிலுக்கு இவ்வளவு இடம் கொடுத்தாச்சு, அதில் என்ன ஊத்தப் போறீங்க என்பதையும் பார்ப்போம்.

தண்ணி மலையில் கொதிப்பது மாதிரி கொழும்பில் கொதிக்காது. ஹட்டன் 1270 மீற்றர் அளவு, அங்கே சுமார் 96 பாகையில் கொதிக்கும். நுவரெலியா 1868 மீற்றர், சுமார் 94. கொழும்பில் 100. அதே தேயிலை, அதே நிமிடம் என்றால் கீழே சாயம் கூடுதலா இறங்கும், கடுப்பும் கூடும். ஆகவே வீட்டில் பார்த்த நேரத்தை நம்பி ஃபிளாஸ்கை நிரப்பாதீங்க. முதல் நாள் கதவு திறக்க முன் 3 நிமிடத்தில் தொடங்கி அரை அரை நிமிடமா ஏற்றி மூன்று கப் ஊற்றி ருசி பார்த்து முடிவு பண்ணுங்க. குழாய்த் தண்ணியில் குளோரின் வாசம் இருந்தால் தேயிலை வாசம் செத்துடும். 20 லீற்றர் போத்தல் தண்ணி எடுங்க.

ருசிபார்ப்பு நியமம் என்று ஒன்று இருக்கு, ஐ.எஸ்.ஓ. 3103: 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். அது தேயிலையின் குறை தெரிய வைக்கிற அளவு, விருந்தாளிக்கு உபசரிக்கிற அளவு இல்லை. 100 மில்லிக்கு 2 கிராம் என்பதை வைத்துக்கோங்க, நேரத்தைக் குறைங்க. பி.ஓ.பி.எஃப். பொடி இலை, சீக்கிரம் இறங்கும். ஓ.பி. நீள இலை, அதுக்கு நேரம் வேணும். ரெண்டையும் ஒரே மணிக்கணக்கில் வைத்தால் ஒன்று கசக்கும், இல்லாவிட்டால் மற்றது சப்பென்று இருக்கும்.

ஒரு நாளைக்கு 400 கப் என்று வைப்போம், கப்புக்கு 60 மில்லி:
தண்ணி 24 லீற்றர், கழுவ, சூடாக்க 6 லீற்றர். ஆக 20 லீற்றர் போத்தல் ரெண்டு.
தேயிலை 480 கிராம். மூன்று நாளைக்கு ஒன்றரைக் கிலோ, 2 கிலோ கொண்டுபோங்க.
கப் மூன்று நாளைக்கு 1200, சிந்துவதுக்கும் ஒட்டிக்கொண்டு வருவதுக்கும் சேர்த்து 1450. 50 கப் கட்டு 29.
ஊறின இலை தண்ணியை உறிஞ்சிக் கனக்கும். மூடி உள்ள 10 லீற்றர் வாளி ஒன்று, மிச்சத் தேத்தண்ணி ஊற்ற இன்னொன்று. கையலம்புகிற தொட்டியில் இலை கொட்டினால் அடைக்கும், பிறகு மண்டபத்துக்காரர் முகம் பார்க்க முடியாது.

கப்பின் உள்பக்கம் வெள்ளையா இருக்கணும். மண்ணிறக் கடதாசிக் கப் பார்க்க அழகு, ஆனால் சாயத்தின் நிறம் தெரியாது. வெள்ளைக் கோப்பையில் ஊத்தினால் நடுவில் செம்பு, விளிம்பில் மெல்லிசா ஒரு பொன் வளையம். அதைப் பார்த்துத்தான் தெரிஞ்சவர் கையை நீட்டுவார். ஃபிளாஸ்கில் அரை மணிக்கு மேல் கிடந்த தேத்தண்ணியில் அந்த வளையம் இருக்காது. ஆகவே பெரிய ஃபிளாஸ்கை நிரப்பி வைக்காமல் ஒன்றரை லீற்றரா ஊத்துங்க. ஒரு கெட்டில், 25 கப், அதோட சரி.

ஒரே நேரத்தில் ரெண்டு வகை மட்டும். அஞ்சும் வைத்தால் ஒன்றும் மனசில் நிற்காது. இஞ்சித் தேயிலையைத் திறந்தால் மற்ற நாலும் இஞ்சியாயிடும். அதைத் தனிப் பெட்டியில், லொறியிலும் தனியா. கேட்டவருக்கு மட்டும், கடைசியா.

பால் கேட்பாங்க. பி.ஓ.பி.எஃப்.க்குப் பால்மா சரி. ஓ.பி.க்கு யாராவது கேட்டால் கொடுங்க, முகம் சுளிக்காதீங்க.

#11 தலவாக்கலை_வயரிங்

டீமேக்கர் ஐயா சொன்ன நிறத்துக்கு வெளிச்சமும் முக்கியம். 6500 கெல்வின் வெள்ளை லைட்டில் செம்பு நிறம் சாம்பலடிக்கும். 3000 முதல் 4000 கெல்வின் எல்.ஈ.டி., நிறங்காட்டும் சுட்டி (பெட்டியில் CRI என்று இருக்கும், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல், அதுதான். 10 வொட் ரெண்டு கூடுதலா கொண்டுபோங்க, ஒன்று கப் வைக்கிற இடத்துக்கு. சரிவு 30 முதல் 45 பாகை. நேரா மேலிருந்து அடித்தால் பக்கெட்டின் மேல் விளிம்பு மட்டும் மின்னும்.

#12 நுவரெலியா_ஜாம்

ஒன்று யாரும் சொல்லல்ல. பக்கெட் சுருங்கும்.

மலையில் மூடின வெறும் பிளாஸ்டிக் போத்தல் அவிசாவளைக்கு இறங்கினதும் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. உறைபோட்ட தேயிலைக்கும் அதுதான். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 வீதம், ஹட்டனில் 86 வீதம் அளவு. உள்ளே அடைபட்ட காற்று கீழே போனதும் ஹட்டன் பக்கெட்டில் ஏழில் ஒரு பங்கு, நுவரெலியா பக்கெட்டில் அஞ்சில் ஒரு பங்கு குறையும். ஃபொயில் வற்றி, லேபிள் சுருங்கி, பழைய சரக்கு மாதிரி நிற்கும். அடுக்கினால் சாயும்.

ஊசியால் குத்திக் காற்று விடுகிற வேலை வேண்டாம், ஈரமும் வாசமும் ஏறும். உறை மூட முன் தட்டித் தட்டி இலையை அமர வைத்து, காற்றை அமத்தி எடுத்துட்டு மூடுங்க. அல்லது காட்சிக்கு மட்டும் கடதாசிப் பெட்டிக்குள் போட்ட பக்கெட். டின்னுக்குப் பிரச்சினை இல்லை.

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் வெளியே கூடாரம் போடுறவங்களுக்கு வேற கணக்கு. 10×10 அடி கூடாரத்துக்கு நாலு காலிலும் 20 லீற்றர் தண்ணிக் கேன் ஒவ்வொன்று, அது 20 கிலோ. பின் பக்க ஃப்ளெக்ஸை முழுக்க இறுக்கிக் கட்டினால் பாய்மரம்தான், காற்று கூடாரத்தோட தூக்கும். கீழ்க் கொக்கிகளை ரப்பர் வளையத்தில் மாட்டினால் காற்றுக்கு இடம் கொடுக்கும். பின்னேரப் பனியில் கடதாசிப் பெட்டி நனையும், 4 மணிக்குப் பிறகு மேல் தட்டை பொலித்தீனால் மூடுங்க.

#13 ஹட்டன்_பக்கெட்

பக்கெட் விசயம் யோசிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்துக் கண்காட்சிக்கும் போகலாமா என்று ஒரு பேச்சு இருக்கு, அங்கேயும் இதே அமைப்பு சரியா?

#14 கண்டி_ஸ்டால்வேலை

யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் கூடாரம் என்றால் புழுதி. திறந்த கிண்ணத்தில் இலை வைக்காதீங்க, கண்ணாடி மூடி. தலைப்பு வரியில் தமிழ் முதல், பெரிசா. அங்கே சில்லறை வாங்குறவங்கதான் அதிகம், 100 கிராம் பக்கெட் கூடுதலா எடுங்க. மற்றது அதேதான்.

#15 பதுளை_ஏற்றுமதி

ரெண்டு மூன்று எழுத்து வேலை.

சிங்க இலச்சினை. தேயிலை என்றதும் பேனரில் சிங்கத்தைப் போடுறது பழக்கமாப் போச்சு. அது இலங்கைத் தேயிலைச் சபையின் பதிவு செய்த வணிகக் குறி. முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது, சபை வைத்த தரத்துக்கு உட்பட்டது, இதோட சபையின் அனுமதியும் இருந்தால்தான் போடலாம். இணையத்தில் எடுத்து ஒட்டினால் வம்பு. அனுமதி இல்லை என்றால் இடத்தை விட்டுடுங்க, மலையின் பெயரே போதும்.

வெளிநாட்டு வாங்குநர் வந்தால் ஏற்றுமதியாளரா சபையில் பதிவு செய்திருக்கீங்களா என்று முதல் கேள்வியாக் கேட்பார். இல்லை என்றால் இல்லை என்று சொல்லி, பதிவுள்ள ஏற்றுமதியாளர் ஊடாகக் கொடுக்கலாம் என்று சொல்லுங்க. மழுப்ப வேண்டாம்.

மாதிரி கொடுப்பது: 50 கிராம் உறையில், மேல் ஒட்டுத்தாளில் தரம், தொகுதி இலக்கம், பொதி செய்த திகதி. ஒவ்வொரு தொகுதியிலும் அதே அளவு எதிர்மாதிரி உங்க கையில் இருக்கணும். ரெண்டு மாதம் கழித்து "அன்றைக்குக் கொடுத்த மாதிரி இல்லையே" என்று அழைப்பு வரும், அப்ப ஊத்திப் பார்க்க உங்க பக்கம் ஒன்றுமில்லாவிட்டால் விலை குறைக்கத்தான் வேணும்.

விசிட்டிங் கார்ட் சேர்க்கிற கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். கொப்பி ஒன்று, கோடு போட்டு: பெயர், நிறுவனம், எந்தத் தரம் ருசி பார்த்தார், எத்தனை கிலோ கேட்டார், எப்போது அழைக்கணும், எந்த மொழியில். கார்டைப் பக்கத்திலேயே ஸ்டேப்பிள். நூறு கார்ட் கையில் இருந்து எவர் எதைக் கேட்டார் என்று தெரியாவிட்டால் அது கடதாசி. அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒரு வரி, விலைப்பட்டியல் மூன்று நாளுக்குள்.

கியூ.ஆர். வைக்கிறதா இருந்தால்: வாசிக்கிற தூரத்தில் பத்தில் ஒன்று. ஒன்றரை மீற்றர் தூரத்துக்கு 15 செ.மீ சதுரம். உயரம் 110 முதல் 140 செ.மீ. காசு வாங்க லங்கா கியூ.ஆர். தனி நிறத்தில், கொஞ்சம் தள்ளி வைங்க. விலைப்பட்டியலுக்கு ஒன்று, காசுக்கு ஒன்று, ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆள் குழம்பும். மண்டபம் நிறைஞ்சால் போன் டேட்டா ஊரும், சில்லறையும் வைத்திருங்க.

#16 கொழுந்துக்கூடை

ஆட்கள் எத்தனை பேர் போறீங்க? 9 சதுர மீற்றருக்கு ஒரே நேரத்தில் ரெண்டு பேர். ஒருவர் ஊத்த, ஒருவர் பேச. மூன்றாமவர் மாற்றுக்கு, ஸ்டாலுக்கு வெளியே. அஞ்சு பேர் உள்ளே நின்றால் வாறவருக்குப் பயமா இருக்கும். சிங்களம் சரளமா பேசுறவர் எந்த நேரமும் ஒருவர் இருக்கணும். கதிரை ரெண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுங்க. இருந்தால் யாராவது உட்காருவார், உட்கார்ந்தால் போனை எடுப்பார்.

மூன்றாம் நாள் பிள்ளைகள் வரும். ஃபிளாஸ்க் வாய் உள்பக்கம் பார்க்கட்டும், கெட்டில் வயர் தொங்கக்கூடாது. எரிகாயத்துக்கு மருந்து மேசைக்குக் கீழே.

#17 ஹட்டன்_பக்கெட்

திருத்தின திட்டம் இது, பார்த்துச் சொல்லுங்க.

மேசை வலது சுவருக்குச் சமாந்தரமா, உயர மேசை படிவத்தில் எழுதியாச்சு. கெட்டில் பின் வலது மூலை ஸ்டாண்டில், 2000 வொட். 13 அம்பியர் பிளக் ஒன்று கூடுதலா, பின் இடது மூலையில் என்று குறிச்சிருக்கு. 3000 கெல்வின் லைட் ரெண்டு. பின் சுவருக்குத் துணி அச்சு, ஒரே துண்டு, பெயரும் "டிம்புளை உயர்நிலத் தேயிலை, 5 கிலோவிலிருந்து" என்பதும் மூன்று மொழியில். ரோல்-அப் ஒன்று பின் இடது மூலையில். கட்-அவுட் இல்லை, சிங்கம் இல்லை. முதல் ரெண்டு நாள் பி.ஓ.பி.எஃப்., ஓ.பி. ஊத்துவது, மூன்றாம் நாள் பி.ஓ.பி.எஃப்., பச்சை. தட்டில் முதல் ரெண்டு நாள் வகைக்கு 4 பக்கெட் மட்டும், மூன்றாம் நாள் நிறைத்து விலைச்சீட்டோட. எஸ்-கொக்கி 20, டபுள் டேப், கேபிள் டை, கத்தரி, அளவு நாடா, மாக்கர், துடைக்கத் துணி ஒரு பெட்டியில்.

#18 பண்டாரவளை_அச்சகம்

துணிக்கு மேல் விளிம்பில் குழாய் நுழைகிற மடிப்பு 8 செ.மீ விட்டுத் தைக்கச் சொல்லுங்க, எஸ்-கொக்கி மட்டும் என்றால் நடுவில் தொய்யும். மாதிரிப்படம் வந்ததும் இங்கேயே போடுங்க, எழுத்தைப் பார்த்துடலாம்.

#19 தலவாக்கலை_வயரிங்

தம்பி, கெட்டில் வலது மூலை, பிளக் இடது மூலை என்று எழுதியிருக்கீங்க. 3 மீற்றர் வயர் தட்டுக்குக் கீழால, களஞ்சியப் பெட்டிகளுக்குப் பின்னால போகும். இடது மூலையில் ரோல்-அப் அடிக்கட்டை வேற பிளக்கை மறைக்கும். படிவத்தைத் திருப்பி எடுத்து வலது என்று மாற்றி அனுப்புங்க. தரையிலிருந்து 40 செ.மீ உயரம் என்றும் எழுதுங்க, தரையோட இருந்தால் சிந்துகிற தண்ணி அங்கேதான் போகும்.

#20 ஹட்டன்_பக்கெட்

மாற்றி அனுப்பியாச்சு. மாதிரிப்படம் வெள்ளிக்கிழமை வரும், இங்கேயே போடுறேன்.